ஏரியின் நடுவில் நின்றவர்

கோல்ட்டர் துறை, நியூயார்க்
பிப்ரவரி 2, 2019

வெண்டலுக்கு,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் தபால். என் சமையலறை ஜன்னலில் நின்றால் உன் வீட்டுப் புகைபோக்கி தெரிகிறது. ஆனால் இந்தக் கடிதம் ஆல்பனி போய், வெர்மான்ட்டைச் சுற்றிக்கொண்டு, மூன்று நாள் கழித்துத்தான் உன் பெட்டியில் விழும். ஏரிக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் இன்னொன்று. கூப்பிடு தூரத்துக்கு மூன்று நாள்.

ஆல்டன் செவ்வாய்க்கிழமை போய்விட்டார். காலையில் பனி வாரிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பத்திரிகையில் நீ பார்த்திருப்பாய். அடக்கத்துக்கு நீ வரவில்லை. முப்பது வருஷம் இந்த ஏரியில் கார்களை அக்கரை சேர்க்கும் படகு ஓட்டிய மனுஷனுக்கு இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். என் கூடப்பிறந்தவன் நீ மட்டும் வரவில்லை. அதைச் சொல்லித் தீர்க்க இந்தக் கடிதம் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

எழுதுகிற விஷயம் வேறு. இங்கே கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் இறந்தால், பதினைந்து நாளுக்குள் அதை ஷெரிப் போலீஸ் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பதினாறாம் நாள் அது வீட்டில் இருந்தால் விதவை குற்றவாளி. ஆல்டனின் லைசென்ஸில் ஒரே ஒரு துப்பாக்கி, எண்ணோடு, நீதிபதியின் கையெழுத்தோடு இருந்தது. அதை வியாழக்கிழமையே கொடுத்துவிட்டேன். நேற்று படகுக் கொட்டகையைச் சுத்தம் செய்தேன். உயிர்காப்பு அங்கிகள் இருக்கும் பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி இன்னொன்று கிடந்தது.

அப்பாவின் ரிவால்வர். கைப்பிடி விரிசலில் அவர் நீலத் தூண்டில் நூலைச் சுற்றியிருப்பாரே, அதே நூல்.

பதினோரு வருஷம் முன்னால், அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கு, சூப்பும் ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்த கூடத்தில், எல்லோர் முன்னாலும் நீ ஆல்டனைக் கைகாட்டிக் கத்தினாய். "அப்பாவோட துப்பாக்கிய இந்த ஆளுதான் அடிச்சுட்டுப் போயிட்டான்"னு சொன்னாய். அவர் பதில் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். உன்னைப் பொய்யன் என்றேன், குடிகாரன் என்றேன், என் வாசலை மிதிக்காதே என்றேன்.

நீ சொன்னது உண்மை, வெண்டல். என் வீட்டில்தான் இருந்தது. வேகக் கட்டுப்பாட்டைத் தாண்டாதவர், ஒவ்வொரு நடைக்கும் அங்கிகளை இரண்டு தடவை எண்ணுகிறவர், எந்த லைசென்ஸிலும் இல்லாத துப்பாக்கியைப் பதினோரு வருஷம் ஒளித்து வைத்திருக்கிறார். வெளியே தெரிந்திருந்தால் லைசென்ஸும் போயிருக்கும், படகும் போயிருக்கும். ஏன் எடுத்தார் என்று கேட்க ஆள் இல்லை. யாரோடு நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினேன் என்று இருக்கிறது.

பட்டியலில் இல்லாததை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று, யாருக்கோ கேட்பது மாதிரி அந்த அலுவலகத்துப் பெண்ணிடம் கேட்டேன். கண்ணாடியை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். ஒரு வழக்கு என்றால் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிப்ரவரி 13 கெடு. என்ன செய்ய?

அடேல்

•

பெல்வில் முனை, வெர்மான்ட்
பிப்ரவரி 5, 2019

அடேலுக்கு,

நீ சொன்னது உண்மை என்று எழுத உனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் கடிதம் முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. போகட்டும். புருஷனை இழந்தவளிடம் சண்டை போடுகிற அளவுக்கு நான் இன்னும் கெடவில்லை.

அடக்கத்துக்கு வந்தேன். கோயில் வாசல் எதிரே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரவில்லை. வந்தால் நீ எல்லோர் முன்னாலும் வெளியே போ என்பாய் என்று நினைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ரிவால்வர் எனக்கு என்று அப்பா சொன்னது. ஊருக்கே தெரியும். அதைக் கொண்டுபோய் உங்கள் ஷெரிப்பிடம் கொடுத்தால் உருக்கிவிடுவார்கள். கொடுக்காதே. ரொட்டி வாங்குகிற பையில் போட்டு, பாலத்தைச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வா. முக்கால் மணி நேரம். பாலத்தின் பாதியைத் தாண்டிவிட்டால் அது உப்புப் புட்டி மாதிரி ஒரு சாதாரணச் சாமான். இங்கே எவனும் எதுவும் கேட்க மாட்டான். நான் பால் வாங்கப் போகும்போதும் கோட்டுப் பையில் ஒன்று கிடக்கும். லைசென்ஸ் எங்கே என்று இங்கே யாரும் கேட்டதில்லை, கேட்டால் காட்டவும் முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு காகிதத்தை வெர்மான்ட் அச்சடித்ததே கிடையாது. உங்கள் ஊரில்தான் நீதிபதி கையெழுத்து, நாலு பேர் நற்சான்று, விரல் ரேகை. ஒரு தண்ணீர், ஒரு மீன், இரண்டு சட்டம். மேலே இருந்து கடவுள் பார்த்தால் கோடு எங்கே என்று அவருக்கே தெரியாது.

பாலம் பயமாக இருந்தால் உறைந்த ஏரியின் பனி இருக்கிறது. இந்த வருஷம் நல்ல கனம், டிராக்டரே போகும். நீ உன் கரையிலிருந்து நட, நான் என் கரையிலிருந்து நடக்கிறேன். நடுவில் கொடு.

நடு என்றதும் ஞாபகம் வருகிறது. உன் புருஷன் ஒவ்வொரு பிப்ரவரியும் அங்கே வந்து நிற்பான், தெரியுமா உனக்கு? நான் பனிமேல் இருக்கும் என் மீன்பிடிக் குடிலுக்கு வெளியே, பனியில் துளை போட்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஆள் ஏரி நடுவில் வந்து கம்பம் மாதிரி நிற்பான். கழுத்தில் தொலைநோக்கி வேறு. அரைமணி நேரம் பார்ப்பான், திரும்பிப் போவான். கிட்டே வரமாட்டான், கையாட்டமாட்டான். திருடிவிட்டு வேடிக்கை பார்க்கிறான் என்று எரியும். ஒரு வருஷம் மீன் தலையோடு கிட்டே நடந்துபோய் வீசினேன். தோளில் பட்டது. துடைத்துக்கொண்டு நின்றான். அவன் படகில் ஏறக்கூடாது என்பதற்காகவே பதினோரு வருஷம் பாலத்தைச் சுற்றிப் போனேன்.

எனக்கு அது வேண்டும், அடேல். அப்பாவுடையது என்று என்னிடம் ஒன்றுமே இல்லை.

வெண்டல்

•

கோல்ட்டர் துறை
பிப்ரவரி 8, 2019

வெண்டல்,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. படித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், உன் பேச்சைக் கேட்டுக் கொண்டுவரத்தான் கிளம்பினேன். நாற்பது வருஷம் ஒழுங்காக இருந்து என்ன கண்டேன் என்று ஒரு கோபம். ரொட்டிப் பைக்குள் வைக்கலாம் என்று எண்ணெய்த் துணியை முழுதாகப் பிரித்தேன். அதற்குள் ஒரு அட்டை இருந்தது. படகில் ஒவ்வொரு நடைக்கும் எழுதுவார்களே, அந்தப் பதிவேட்டின் அட்டை. அவர் கையெழுத்து.

அப்படியே எடுத்து எழுதுகிறேன். ஒரு எழுத்தும் கூட்டவில்லை. 'வெ.' என்றால் நீ.

"2007 அக்டோபர் 19. மாலை 4.40 நடை. காற்று வடமேற்கு, தூறல். மாமனார் வண்டி இல்லாமல் ஏறினார். இதைக் கொடுத்தார். வெ. கையில் இப்போது இது இருக்கக் கூடாது, அவன் சரியானதும் கொடுத்துவிடு, அடேலுக்குச் சொல்லாதே, அவள் தாங்கமாட்டாள் என்றார். லைசென்ஸில் ஏற்றினால் கேள்வி வரும், ஒப்படைத்தால் திரும்பி வராது. சரி என்று சொல்லிவிட்டேன்.

2008 பிப்ரவரி 16. பனி 14 அங்குலம். வெ. குடிலில். பாட்டில் மூன்று. நடை சரியில்லை. இப்போது வேண்டாம்.

2011 பிப்ரவரி 12. வெ. மீன் தலை வீசினான். குறி தப்பவில்லை. கையில் நடுக்கம் இருக்கிறது. இப்போது வேண்டாம்.

2014 பிப்ரவரி 8. குடில் காலி. 9: காலி. 10: அவன் புகைபோக்கியில் புகை. கடவுளுக்கு நன்றி.

2016 பிப்ரவரி 13. பாட்டில் இல்லை. காபி பிளாஸ்க். பொறுத்துப் பார்க்கலாம்.

2017 பிப்ரவரி 11. பிளாஸ்க். பக்கத்துக் குடில்காரரோடு பேசிச் சிரித்தான். சத்தம் இங்கே வரை கேட்டது.

2018 பிப்ரவரி 17. மூன்றாம் வருஷமும் பிளாஸ்க். நேராக நடக்கிறான். அடுத்த பனிக்குக் கொடுத்துவிடலாம். சட்டப்படி எப்படி என்று விசாரிக்க வேண்டும்."

நடுவில் இருக்கும் வருஷங்களிலும் வரி இருக்கிறது. எல்லாம் 'இப்போது வேண்டாம்' என்று முடிகிறது.

சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன், வெண்டல். ஒரே கட்டிலில் படுத்தவர். பிப்ரவரியில் ஒரு நாள் பனி கனம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவார், படகுத்துறைக்காக என்று நினைத்துக்கொள்வேன். எல்லோர் முன்னாலும் நீ திருடன் என்று சொன்னபோது அவர் கையில் ஒரு ரொட்டித்துண்டு இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மானம் தப்பியிருக்கும், உன் மானம் போயிருக்கும். அந்த ரொட்டியைத் தின்று முடித்தார். நான் அன்றைக்கு அதைப் பார்த்து, இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மனுஷனோடு இருந்தேன் என்று எனக்குத் தெரியவே இல்லை.

அவர் எத்தனை ஆயிரம் தடவை அந்த எல்லைக் கோட்டைப் படகில் தாண்டியிருப்பார். எந்த நாளும் உன் கரையில் அதை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்திருக்கலாம், அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். கேட்க ஆள் இல்லாத இடத்தில், உன் கையில் கொடுக்கலாமா என்று அவர் ஒருத்தர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

கோட்டைக் கழற்றிவிட்டேன். கொண்டுவர மாட்டேன். சட்டப்படி எப்படி என்று கேட்க வேண்டும் என்றுதான் அவர் கடைசியாக எழுதியிருக்கிறார். அவருக்காக நான் கேட்டேன். ஷெரிப் அலுவலகத்துக்குப் போன் செய்து, என் பெயரைச் சொல்லி, உள்ளதைச் சொன்னேன். "நீங்க தூக்கிட்டு வராதீங்கம்மா, நாங்களே வர்றோம்" என்றார்கள். 13ஆம் தேதி காலை பத்து மணி. வழக்கு வருமா என்று கேட்டேன், வருகிற அதிகாரிதான் சொல்ல முடியும் என்றார்கள்.

நீ அன்றைக்கு என்ன நிலைமையில் இருந்தாய் என்று நான் கேட்கவே இல்லை. குடிகாரன் என்று மட்டும் சொன்னேன். மன்னித்துக்கொள்.

அக்கா

•

பெல்வில் முனை
பிப்ரவரி 12, 2019

அக்கா,

தபாலில் போட்டால் கெடு தாண்டிவிடும். அதனால் பனிமேல் நடந்துவந்து உன் பெட்டியில் போடுகிறேன். கதவைத் தட்டலாம். இன்றைக்குத் துணிச்சல் வரவில்லை.

நேற்று உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு உள்ளே போய்ப் படித்தேன். பிறகு குடிலுக்குப் போய்ப் படித்தேன்.

2007 அக்டோபரில், நான் கட்டின லின்னெட் என்னை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மரம் அறுக்கிற வேலையும் போயிருந்தது. ஒரு மதியம் அந்த ரிவால்வரைச் சமையலறை மேசைமேல் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பா உள்ளே வந்தார். பார்த்தார். அடுப்பை மூட்டி, இரண்டு முட்டை பொரித்து, தட்டை மேசையில் வைத்தார். தட்டுக்கு இடம் வேண்டும் என்பது மாதிரி அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "சாப்பிடுறா, ஆறிப்போகுது" என்றார். சாப்பிட்டேன். வேட்டைத் துப்பாக்கிகளையும் அன்றைக்கே பெரியப்பா வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார், பழுது பார்க்க என்று சொல்லி. சாகிற வரைக்கும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் போனபின் வீட்டில் தேடினேன், இல்லை. படகுக்காரன்தான் அடிக்கடி வந்துபோனான். அவன் எடுத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த மேசையை யாரும் ஞாபகப்படுத்தாமல் இருக்க எனக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான்.

மச்சான் வேடிக்கை பார்க்கவில்லை, அக்கா. நான் உயிரோடு இருக்கிறேனா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அங்கிகளை எண்ணுகிற மாதிரி.

2014இல் அந்த மூன்று நாள் நான் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்து அடுப்பு மூட்ட ஆள் இல்லை, செத்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன். அந்தப் பக்கம் ஒருத்தர் என் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நாளை காலை வருகிறேன். பாலம் வழியாக இல்லை, பனி வழியாக. அதிகாரி கேட்டால் அது என் அப்பாவுடையது, என்னால்தான் அங்கே வந்தது என்று நானே சொல்கிறேன். கோட்டுப் பையில் இருக்கிறதை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருவேன். பல வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாகக் காலிப் பையோடு நடக்கப் போகிறேன்.

வெண்டல்

•

கோல்ட்டர் துறை
பிப்ரவரி 15, 2019

வெண்டல்,

நீ போனபின், அன்றைக்கு வீட்டுக்கு வந்த அந்தப் பெண் அதிகாரி போன் செய்தாள். வழக்கு இல்லை. தானாக முன்வந்து ஒப்படைத்தது என்று எழுதிக்கொண்டார்களாம். திங்கட்கிழமை பேருந்து ஓட்டப் போகிறேன்.

நீ கவனிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய். அட்டையைக் கொடுத்தேனே, அவள் படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். அப்புறம் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். இருபத்தெட்டு வயசு இருக்கும். எத்தனை வீட்டுக்குள் எத்தனை துப்பாக்கி பார்த்திருப்பாள். "இதைப் படிவத்தில எந்தக் கட்டத்தில நிரப்புறதுன்னு எனக்குத் தெரியலம்மா" என்றாள். அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இன்னொன்றும் சொன்னாள். ரிவால்வரை உடனே உருக்கமாட்டார்களாம், ஒரு வருஷம் வைத்திருப்பார்களாம். நீ மனுப் போட்டால், உங்கள் பக்கத்தில் உரிமம் உள்ள ஒரு கடை வழியாக உன் கைக்கு முறைப்படி வந்து சேர வழி இருக்கிறது. ஆல்டன் விசாரிக்க நினைத்த வழி அதுதான் போலிருக்கிறது. உனக்கு வேண்டுமா? அவர் கொடுக்கலாம் என்று எழுதியாயிற்று. என்னைக் கேட்டால் நானும் சரி என்பேன். நீ சொல்.

அன்றைக்கு ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. ஒன்பது மணிக்கே உன் கரையிலிருந்து கிளம்பியதை ஜன்னலில் பார்த்தேன். நடுவில் வந்ததும் நின்றுவிட்டாய். முட்டையைப் பொரித்து மூடி வைத்தேன், ஆறிப்போயிற்று. அங்கேயே நின்றாய். வரமாட்டாயோ என்று பயந்து போனேன். என்ன செய்துகொண்டிருந்தாய் அங்கே?

அக்கா

•

பெல்வில் முனை
பிப்ரவரி 19, 2019

அக்கா,

அவர் நின்ற இடத்தில் நின்றேன். எந்த இடம் என்று எனக்குத் தெரியும், பதினோரு வருஷம் முறைத்துப் பார்த்த இடமாயிற்றே. திரும்பி என் கரையைப் பார்த்தேன். அங்கிருந்து எல்லாம் தெரிகிறது. என் குடில், நான் உட்காருகிற வாளி, அது பக்கத்தில் வைக்கிற பிளாஸ்க், சமையலறை ஜன்னல்கூடத் தெரிகிறது. ஜன்னலுக்குள் அந்த மேசை. அடியில் பனி உறுமியது, கனமான பனி வெயில் ஏறும்போது உறுமுமே, கரைக்குக் கரை ஓடுகிற சத்தம். கோடு எங்கே என்று கீழே பார்த்தேன். வெறும் வெள்ளைதான். ஆனால் அவர் ஒரு தடவைகூட அதைத் தாண்டி என் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் நான் அடித்திருப்பேன், அடுத்த வருஷம் குடிலை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பேன். பிறகு என்னைப் பார்க்க அவருக்கு வழி இருந்திருக்காது. அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அரைமணி நேரம் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் நின்ற கணக்கு. குளிர் எலும்புக்குள் போய்விட்டது. பதினோரு தடவை எப்படி நின்றாரோ.

ரிவால்வர் வேண்டாம். மனுப் போடமாட்டேன். அடுத்த பனிக்குக் கொடுத்துவிடலாம் என்று அவர் எழுதின அன்றைக்கே அது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. உருக்கட்டும்.

அந்த அட்டையை அனுப்பு. அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்ள உங்கள் மாநிலத்திலும் எங்கள் மாநிலத்திலும் எவனையும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம், ஆறிப்போன முட்டை நன்றாகவே இருந்தது.

வெண்டல்

•

கோல்ட்டர் துறை
பிப்ரவரி 22, 2019

தம்பி,

அட்டை இதோடு இருக்கிறது. மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் காகிதம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. மே மாதம் படகு ஓட ஆரம்பித்தால் அதில் வா.

அட்டையில் கடைசியில் ஒரு வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. அன்றைய வரியை எழுதாமல் பதிவேட்டை மூடினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் நான் எழுதியிருக்கிறேன். கையெழுத்து அவருடையது மாதிரி இருக்காது, பொறுத்துக்கொள்.

"2019 பிப்ரவரி 13. காலை 9.40. காற்று தெற்கு, லேசாக. பனி 16 அங்குலம். வெ. நடுவில் அரைமணி நேரம் நின்றான். பிறகு கரைவரை வந்தான்."

அக்கா